ஆற்றங்கரைப் படம்: பச்சை ஏன் செத்துப்போகிறது?

படித்துறை:
வணக்கம். ஞாயிறு காலையில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் வெளியே உட்கார்ந்து நீர்வண்ணம் பழகுகிறேன். எல்லாம் திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரை: குறுக்குத்துறை, சேரன்மகாதேவி வயல்வரப்பு, எப்பவாவது பாபநாசம். சாமான்: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்) ஏ4 பேடு, 12 ட்யூப் மாணவர் செட், 4, 8 நம்பர் நைலான் பிரஷ்.

நாலு தொந்தரவு. வயல் பச்சை பிளாஸ்டிக் குடம் மாதிரி வருது. ஆறு சிமெண்ட் ரோடு மாதிரி வருது. ஒன்பது மணிக்கு மேல் ஒரு வாஷ் (தண்ணியாகக் கரைத்த வர்ணப் பூச்சு) இழுத்து முடிக்குமுன் பாதி காய்ந்து கோடு விழுது. கரையில் சரியாகத் தெரிந்த படம் வீட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே இருண்டு கிடக்கு. எதில் ஆரம்பிக்க?

மருதநிழல்:
தம்பி, நாலில் இரண்டு நேரக் கோளாறு. அதை முதலில் பார்ப்போம்.

திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கு. சூரியன் சாய்ந்து வராது, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தலாக ஏறும். மணிக்கு 14, 15 பாகை. ஆறேகாலுக்கு உதித்தால் எட்டேகாலுக்கு 30 பாகை உயரத்தில் நிற்கும். உதிப்பதற்கு முந்திய வெளுப்பும் 20, 25 நிமிடம்தான். ஐரோப்பிய ஓவியர்கள் வீடியோவில் மாலை முழுக்க நீளுகிற பொன்வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம், நமக்கு அது கிடையாது. ஆறரையிலிருந்து எட்டரை வரை. அதற்குமேல் தூணுக்கும் படிக்கும் இருக்கிற நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிடும்.

அதனால் உட்கார்ந்ததும் முதல் வேலை நிழலைக் கட்டிப்போடுவது. பென்சிலில் மூன்று தொனி மட்டும்: வெள்ளை, நடு, இருட்டு. தீப்பெட்டி அளவுக் கட்டம், மூன்று நிமிடம். எட்டரைக்கு நிழல் எங்கே நகர்ந்தாலும் படத்தில் ஏழு மணி நிழல்தான் இருக்கணும். நகர நகர திருத்திக்கிட்டே போனால் ஒரே மண்டபத்துக்கு இரண்டு சூரியன் வந்திடும்.

இன்னொன்று, போட்டோவை வைத்து வீட்டில் முடிக்கிறவர்களுக்கு. பங்குனிக் கடைசியிலும் ஆவணி நடுவிலும் உச்சிவேளை நிழல் காலடிக்குள் அடங்கிடும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஆனியில் போட்ட ஸ்கெட்சை மார்கழிப் போட்டோ பார்த்து முடித்தால் கோபுர நிழல் மாறி விழுந்திருக்கும்.

பொதிகை வரைகிறவர்கள் இதையும் கவனிக்கணும்: மலை மேற்கே. காலையில் வெயில் நம்ம முதுகுப்பக்கமிருந்து மலை முகத்தில் அடிக்கும், மடிப்பு, பாறை, ஓடை எல்லாம் தெரியும். சாயங்காலம் அதே மலை அட்டையில் வெட்டி ஒட்டியது போல ஒரே நீலம், ஆனால் அடுக்கு அடுக்காகப் பிரியும். புதுசாகப் பழகுகிறவர்களுக்குச் சாயங்கால மலைதான் லேசு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலோரமாக நின்றால் மூன்று, நாலு அடுக்கு கிடைக்கும். தூர அடுக்கை முதலில் வெளிறப் போட்டு, முழுசாகக் காய விட்டு, அடுத்ததைக் கொஞ்சம் கூடுதல் அடர்த்தியில்.

கோரைப்பாய்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா அந்த பேடை மாற்றாமல் மீதியைப் பேசிப் பிரயோசனமில்லை.

200 ஜிஎஸ்எம் மரக்கூழ்த் தாள் நனைந்ததும் பள்ளம் மேடாக எழும்பும். வர்ணம் பள்ளத்தில் தேங்கும், மேடு சீக்கிரம் காயும். உங்களுக்குக் கோடு விழுறதில் பாதி இதனால்தான், வெயிலால் இல்லை. 300 ஜிஎஸ்எம், நூறு சதவீதம் பருத்தி, கோல்டு பிரஸ்டு (லேசான சொரசொரப்பு உள்ளது) என்று கேட்டு வாங்குங்க. முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். எட்டாகக் கிழித்தால் ஏழரைக்கு பதினொன்று, இரண்டு மணி நேரத்துக்கு அது தாராளம். பேடாக வாங்குவதை விட முழுத்தாள் வாங்கிக் கிழிப்பது விலையிலும் குறையும். நல்ல தாளை "பழகின பிறகு" என்று எடுத்துவைப்பதுதான் பெரிய நஷ்டம். தாள் செய்கிற தப்பைக் கை செய்த தப்பு என்று நினைத்துக்கிட்டே வருஷம் ஓடிடும்.

இருக்கிற பேடு தீரணும் என்றால்: ஒரு தாளை ஐந்து நிமிடம் தண்ணியில் ஊறவைத்து, மரப்பலகையில் விரித்து, பசைத்தாள் நாடாவால் நாலு பக்கமும் ஒட்டிப் படுக்கை வசமாகக் காயவிடுங்க. காயும்போது தோல் மேளம் மாதிரி இறுகும். பலகையோடு எடுத்துக்கிட்டு ஆற்றுக்குப் போகலாம்.

அப்புறம் தாளுக்கு மேலே ஜெலட்டின் பூச்சு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச்சுவரை ஒட்டின பீரோவுக்குள் தாளை வைத்தால் அந்தப் பூச்சு கெட்டுப்போகும். பார்க்க ஒன்றும் தெரியாது. வாஷ் போட்டதும் அம்மைத் தழும்பு மாதிரி திட்டுத்திட்டாக உறிஞ்சும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க: முத்தாக நின்றால் தாள் உயிரோடு இருக்கு, உடனே உள்ளே இறங்கினால் பென்சில் ஸ்கெட்சுக்கு ஒதுக்கிடுங்க. ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இந்தக் கதி வராது.

தேங்காய் எண்ணெய் தடவின தலையைக் கோதிட்டு அதே கையைத் தாளில் ஊன்றக் கூடாது. வானத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகத் தெரியும். கைக்கடியில் ஒரு கைக்குட்டை போதும்.

வாமடை:
பச்சைக்கு வரேன்.

செட்டில் வருகிற சாப் கிரீன், விரிடியன் இரண்டையும் ஆறு மாசம் வீட்டிலேயே வைங்க. அது ஒரு பச்சை. வயலில் ஒரு பச்சை எங்கே இருக்கு? பிளாஸ்டிக் குடம் போல ஆவதற்குக் காரணம், ஒரே நிறத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தடவுவதும், அதில் சிவப்பு ஒரு துளிகூட இல்லாததும்தான். இயற்கையில் மண்ணும் சருகும் கலக்காத பச்சை அபூர்வம்.

வேண்டியது: எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள்), அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). ட்யூப் முதுகில் நிறமி எண்ணைப் பாருங்க. அல்ட்ராமரைன் என்றால் பிபி29, தாலோ என்றால் பிபி15, மஞ்சள் ஓக்கர் பிஒய்42. மூன்று நாலு எண் கலந்திருந்தால் அந்த ட்யூபே ஒரு கலவை, அதோடு இன்னொன்றைக் கலந்தால் சகதி.

நெல்லுக்கு வயசுக்கு ஒரு நிறம். நாற்றங்கால் என்றால் எலுமிச்சை மஞ்சளில் தாலோ பிரஷ் நுனியில் தொட்ட அளவு, கூடினால் போச்சு, தாலோ முழுசையும் தின்றுவிடும். தூர் கட்டின பயிருக்கு அல்ட்ராமரைனும் எலுமிச்சை மஞ்சளும், ஒரு சிட்டிகை பர்ன்ட் சியன்னா. கதிர் முற்றினால் ஓக்கர்தான் தலைமை, பச்சை அடியில் ஒளிந்திருக்கும். கார் போக நடவு ஆனி, ஆடி. பிசானம் ஐப்பசி, கார்த்திகை. ஆற்றுப்பாசனத்தில் வருஷத்துக்கு இரண்டு தரம் இந்த நிறமெல்லாம் வரிசையாக வந்துபோகும். அணையில் தண்ணி குறைந்த வருஷம் கார் இருக்காது, கட்டாந்தரையைத்தான் வரையணும், அதுவும் நல்ல படம்தான்.

நடவு முடிந்த வாரம் வரைவதற்கு ஆகச் சிறந்த வாரம். அப்போ வயல் பச்சையே இல்லை, வானம். செய்முறை இப்படி. வரப்பு வருகிற இடத்தைக் காய்ச்சலாக விட்டு, வயல் கட்டத்தை மட்டும் நல்ல தண்ணியால் நனையுங்க. மெல்லிய அல்ட்ராமரைனை மேலிருந்து இழுத்து, நமக்குக் கிட்டே வரவர ஓக்கர் சேருங்க, ஏனென்றால் கிட்டே சேறு தெரியும். தாளின் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் மிஞ்சுகிற அந்த ஒரு நிமிடத்தில் தென்னை, பனையின் தலைகீழ் நிழலை உள்ளே விடுங்க, தானாகக் கலங்கிப் பரவும். பளபளப்பு இருக்கும்போதே விட்டால் ஓடிப்போகும். முழுசாகக் காய்ந்தபிறகு விட்டால் ஸ்டிக்கர் ஒட்டினது போல நிற்கும். அப்புறம் நன்றாகக் காய விட்டு நாற்றுக் குத்து. கிட்டத்துக் குத்துக்கு மூன்று கீற்று, நடுவில் வெறும் புள்ளி, தூரத்தில் புள்ளியும் வேண்டாம், ஒரு கோடு. நூறு குத்தையும் போடுகிறவர்கள் இருக்காங்க. கூலிக்கு நடுகிற மாதிரி ஆகிடும்.

வாழைக்கு ஒரு குறிப்பு. வெயில் இலைக்குப் பின்னால் இருந்தால் இலை மஞ்சளாக எரியும். இலைக்கு மேலே அடித்தால் வானத்தை வாங்கி நீலச்சாம்பலாக மின்னும். ஒரே மரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டையும் பிரித்துப் போட்டால் போதும், நரம்பெல்லாம் வேண்டாம்.

பனையோலை பச்சை இல்லை. ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்த சாம்பல்பச்சை. கழுத்தில் தொங்குகிற காவோலைக்கு பர்ன்ட் சியன்னா.

படித்துறை:
அக்கா, அண்ணாச்சி, நன்றி. மருத மரம்? குறுக்குத்துறை போகிற வழியில் நிற்கிறதெல்லாம் வரைந்தால் வேப்பமரம் மாதிரியே வருது.

வாமடை:
அடிமரத்தைப் பார்க்காமல் இலையிலிருந்து ஆரம்பிச்சிருப்பீங்க. மருதம் என்றாலே பட்டைதான். வழவழப்பாக, சாம்பல் வெள்ளையில் லேசான ரோஸ் ஓடும், தகடு தகடாக உரிந்து உள்பட்டை தெரியும். தாளையே வெள்ளையாக விடுங்க. நிழல்பக்கம் மட்டும் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல், அது ஈரமாக இருக்கும்போதே ஒரு துளி ரோஸ். சுற்றிலும் இருட்டுப் பச்சை வந்ததும் மரம் தானாக முன்னே வந்து நிற்கும்.

மருதநிழல்:
இப்போ ஆறு. சிமெண்ட் ரோடு ஆவதற்குக் காரணம், தண்ணிக்கு ஒரு நிறம் உண்டு என்று நினைத்துக் கலக்குவது. தாமிரபரணி தெளிந்து ஓடும்போது காலடியில் பாருங்க, மணலும் கூழாங்கல்லும் தெரியும், தேன் நிறம். பார்வையை உயர்த்த உயர்த்த அடித்தரை மறையும், வானம் வரும். செங்குத்தாகப் பார்த்தால் தண்ணிக்குள்ளே பார்வை போகும், சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். அவ்வளவுதான் விஷயம். அதனால் தாளின் கீழ்விளிம்பில் மஞ்சள் ஓக்கரும் சியன்னாவும், மேலே போகப்போக வான நிறம், இரண்டும் ஈரத்தில் ஒன்றுக்குள் ஒன்று போகணும்.

அப்புறம் பிம்பம். இருட்டான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுத்திருக்கும். வெளுப்பான பொருளின் பிம்பம் கொஞ்சம் கறுத்திருக்கும். கல்மண்டபமும் அதன் பிம்பமும் ஒரே அடர்த்தியில் இருந்தால் தண்ணி காணாமல் போகும். பிம்பத்தை நெட்டாக இழுங்க, காய்ந்தபின் பட்டைப் பிரஷை ஈரம் துடைத்து, குறுக்கே இரண்டே இழுப்பு. தாளின் சொரசொரப்பில் அங்கங்கே வெள்ளை மிஞ்சும், அதுதான் வெயில் மினுக்கம். மூன்றாவது இழுப்பு வேண்டாம்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் வெள்ளத்தில் மூழ்கி எழும்பும். வெள்ளம் வடிந்த வாரம் போனால் கல்லில் ஈரக்கறை ஒரு மட்டத்துக்குத் தெரியும். கறைக்குக் கீழே குளிர்ந்த இருட்டு, மேலே காய்ந்த வெதுவெதுப்பு. அந்த ஒரு கோடு ஆற்றின் உயரத்தைச் சொல்லிடும், அதைத் தவற விடாதீங்க. வெள்ளமாகவே ஓடுகிற நாளில் பிம்பம், அடித்தரை எதுவும் கிடையாது. பால் விட்ட டீ நிறம், அலையின் முதுகில் மட்டும் வானம்.

தேரிமண்:
காய்கிற பிரச்சினையை யாரும் முழுசாகத் தொடலையே. கோரைப்பாய் அக்கா பாதி தாள் என்றாங்க, மீதிப் பாதி காற்று. ஆனி, ஆடியில் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே சாரல், பாளையங்கோட்டையில் அதே மாசம் வெக்கைக் காற்று. ஒரே ஆறு, இரண்டு விதமான காய்ச்சல்.

காற்றடிக்கிற பக்கம்: தாளின் பின்புறத்தையும் நனைத்து அக்ரிலிக் தகட்டில் ஒட்டவையுங்க, ஈரம் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். 8 நம்பருக்குப் பதில் 12 அல்லது ஒரு அங்குலப் பட்டை. கலவையை முதலிலேயே தேவைக்கு இரண்டு பங்கு கரைச்சு வைங்க. நடுவில் கலக்கப் போனால் அந்த இடைவெளியில்தான் கோடு விழும். தண்ணியில் கிளிசரின் நாலு சொட்டு விட்டால் இன்னும் தாங்கும்.

கோரைப்பாய்:
கிளிசரினை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லாதீங்க. பாபநாசத்தில் சாரல் நாளில் போட்டால் படம் சாயங்காலம் வரைக்கும் பிசுபிசுக்கும், உறைக்குள் போட்டதும் ஒட்டிக்கும். தேன் சேர்த்த வர்ணங்களும் அங்கே அப்படித்தான், பெட்டியைச் சாய்த்தால் ஒழுகும். அருவிப்பக்கம் போகும்போது சிக்கலே வேறு: முதல் வாஷ் அரைமணி ஆனாலும் காயாது. இரண்டு சின்னப் படம் தொடங்கி மாற்றி மாற்றிப் போடுங்க. மற்றபடி ஈரத்தில் ஈரம் விட்டு மலைமேல் இறங்குகிற மேகத்தைப் போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

தேரிமண்:
ஒத்துக்கிடுறேன். கிளிசரின் கிழக்கே மட்டும்.

படம் இருண்டுபோவதற்குக் காரணம் வெயில். வெயிலில் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசும், கூசுகிற கண்ணுக்கு எந்த வர்ணமும் வெளிறித்தான் தெரியும், அதனால் கூடக்கூடப் போடுவோம். வீட்டில் இருட்டு. நேர் எதிர்த் தப்பும் உண்டு: அடர்ந்த மரநிழலில் உட்கார்ந்தால் தாள் மங்கித் தெரியும், பயந்து மெல்லிசாகப் போடுவோம், வீட்டில் சோகை பிடித்த படம். தாள் நிழலில் இருக்கணும், ஆனால் நிழலின் விளிம்பில். குடை பிடித்தால் கறுப்பு அல்லது வெள்ளை. சிவப்பு, நீலக் குடை தாள் முழுக்கச் சாயம் அடிக்கும். கூடவே, நீர்வண்ணம் காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும். ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் போட்டு, காய்ந்ததைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

மருதநிழல்:
தேரிமண்ணு, தேரி மண்ணில் வர்ணம் செய்கிற முறையை எழுதுங்களேன். பேரை வைத்துக்கிட்டுச் சும்மா இருக்கீங்க.

தேரிமண்:
எழுதிடுறேன். திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரியின் (செம்மணல் மேடு) சிவப்பு, மணல் பருக்கையைச் சுற்றி ஒட்டின இரும்பு ஆக்சைடு. பருக்கை நமக்கு வேண்டாம், தூசிதான் வேண்டும். பட்டா நிலத்தில் உரியவரிடம் கேட்டு ஒரு சிரட்டை மண் எடுங்க, காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம்.

கால் கிலோ மண்ணை இரண்டு லிட்டர் தண்ணியில் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்க. மணல் அடியில் உட்கார்ந்திடும். மேலே நிற்கிற செந்நீரை மட்டும் பழைய வேட்டித்துணியில் வடித்து வேறு ஏனத்தில் ஊற்றுங்க. மூன்று, நாலு தரம் இப்படி. ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் சேறு தங்கும், தெளிந்த தண்ணியை இறுத்துவிட்டு வெயிலில் காயப்போடுங்க. கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் நெற்றிக்கு வைக்கிற குங்குமம் போல மெல்லிசாக இருக்கும்.

பசைக்கு நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின். பாதாம் பிசின் வாங்கிடாதீங்க, அது கரையாது, ஊறி ஜெல்லியாகும், ஜிகர்தண்டாவுக்குத்தான் ஆகும். பிசின் பொடி 10 கிராம், வெந்நீர் 20 மில்லி, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, தேன் நாலு சொட்டு, பூசணம் பிடிக்காமல் இருக்க கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு. கண்ணாடித் தகட்டில் மண்ணும் பசையும் ஏறக்குறைய சம அளவு போட்டு, அடி தட்டையான கனத்த கண்ணாடித் தம்ளரால் வட்டமாக அரையுங்க, நறநற சத்தம் நிற்கும் வரைக்கும். பூசிக் காயவைத்து விரலால் தேய்த்தால் தூள் வந்தால் பசை போதாது. பளபளத்து வெடித்தால் பசை கூடிப்போச்சு. கருவேலம் பிசின் பழுப்பாக இருப்பதால் இந்தச் சிவப்புக்குச் சரி, நீலத்துக்கு ஆகாது.

கூந்தன்குளத்துக் கரை:
பறவை வரைகிறவர்களுக்கு நாலு வரி. கூந்தன்குளத்தில் வாடை மழைக்குப் பிறகு, மார்கழி, தையிலிருந்து மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும், ஊருக்குள் மரத்திலேயே. பக்கத்தில் போக வேண்டாம், கூட்டிலிருந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும். கூட்டில் நிற்கிற பறவை திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும். ஒரு தாளில் ஐந்தாறு உருவம் பாதி பாதியாகத் தொடங்கி, எந்த நிலை திரும்புகிறதோ அந்த உருவத்துக்குப் போய்ச் சேருங்க.

நாரையின் வெள்ளைக்கு வர்ணம் கிடையாது, பின்னால் இருக்கிற பச்சையைப் போட்டால் வெள்ளை வந்திடும். நெஞ்சில் கறுப்புப் பட்டை, வால்பக்கத்து இறகில் ரோஸ், முகத்தில் ஆரஞ்சுத் தோல். மாஸ்கிங் திரவம் (வெள்ளை விடுகிற இடத்தை மறைத்து, பிறகு உரித்தெடுக்கிற பசை) போடுவதானால் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீங்க, தாளோடு உரிந்து வரும். பிரஷை முதலில் சோப்பில் முக்கிட்டுத்தான் அந்தத் திரவத்தில் விடணும்.

கோரைப்பாய்:
இடம் பற்றியும் சொல்லிடணும். காலையில் பெண்கள் குளிக்கிற படித்துறைக்கு எதிரே போனும் ஸ்கெட்ச் புக்கும் எடுத்து உட்காராதீங்க. என்ன நல்ல நோக்கமாக இருந்தாலும் சரி. பாபநாசத்தில் குரங்கு பிரஷ் பையைத் தின்பண்டம் என்று நினைத்துத் தூக்கிட்டுப் போகும், ஜிப் போட்டு மடியில் வைங்க. அணையில் தண்ணி திறந்தால் மட்டம் ஏறும், ஆற்று நடுப் பாறையில் கடை விரிக்காதீங்க.

மழை நாளில் திருப்புடைமருதூர் கோயில். கோபுரத்து நிலைகளில் சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கு, மேலே ஏற அனுமதி கேட்கணும். கிடைத்தால் வரைவதற்கு முன் கோடுகளை மட்டும் பாருங்க: நிழலே போடாமல், கோட்டாலும் தட்டை நிறத்தாலும் ஒரு கூட்டத்தையே நிறுத்தியிருக்காங்க. நாம ஒரு கொக்குக்கு மூன்று நிழல் போடுறோம்.

மருதநிழல்:
அக்கா சொன்னதோடு ஒன்று. போய் இறங்கினதும் பெட்டியைத் திறக்க வேண்டாம். பத்து நிமிடம் பைய உட்கார்ந்து பாருங்க. போனில் படம் எடுத்தால் அந்தப் பத்து நிமிடம் போச்சு, கண் வேலையை விட்டுடும். பென்சிலில் குறிப்பு எழுதுங்க: "எதிர்க்கரை நிழல், தண்ணியை விட இருட்டு", "மணல் ரோஸ், படி நீலம்". வீட்டில் முடிக்க போட்டோவை விட இது உதவும். போட்டோவில் நிழலெல்லாம் கறுப்பாகிடும், நேரில் நிழலுக்குள்ளே நிறம் இருக்கும்.

படித்துறை:
கடைசியாக ஒன்று. கொக்கை வெள்ளையாக விட மறந்துட்டால் வெள்ளை குவாஷ் (அடியை மறைக்கிற கெட்டி வர்ணம்) வைக்கலாமா?

வாமடை:
வைக்கலாம். யார் வந்து கேட்கப் போறாங்க.

கோரைப்பாய்:
வைக்காதீங்க. சுண்ணாம்பு வைத்தது போலத் தனியாகத் தெரியும். காய்ந்த இடத்தை நல்ல தண்ணியில் நனைத்து, கெட்டிப் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, டிஷ்யூவில் ஒற்றி எடுங்க. பருத்தித் தாள் தாங்கும். ஆனா தாலோவின் கறை போகாது, அதை வயலில் போட்டிருந்தால் கொக்கு பச்சையாகத்தான் நிற்கும்.

மருதநிழல்:
இரண்டு பேரும் சண்டை போடுங்க. தம்பி, வருகிற ஞாயிறு சேரன்மகாதேவி போங்க, ஏழரைக்கு பதினொன்று அங்குலத் தாள் இரண்டு, அல்ட்ராமரைன், எலுமிச்சை மஞ்சள், ஓக்கர், பர்ன்ட் சியன்னா நாலு மட்டும். தண்ணிக்கு இரண்டு டப்பா, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. எட்டரைக்கு எழுந்திரிச்சிடணும். இரண்டாவது தாள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, படத்தை மட்டும் இங்கே போடுங்க, பார்ப்போம்.